சொந்த வான், அடுத்தவரின் அவசரம்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வவுனியாவிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது, நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, களஞ்சியத்தில் இரவு வேலை, கையில் இருபதாயிரம் டொலர் இருக்கிறது. மெர்சிடிஸின் ஸ்பிரின்டர் சரக்கு வான் ஒன்று வாங்கி அமெரிக்காவுக்கு அவசரச் சரக்கு ஓட்டலாமா? இந்தத் தொழில் இன்னும் பத்து வருடம் தாங்குமா? மிசிசாகாவிலிருந்து நீண்ட காலமாக இதிலேயே ஓடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தொழில் தாங்கும். ஒரு வானை வைத்துக்கொண்டு தனியே நிற்பவர் அதில் தாங்குவாரா என்பதுதான் சந்தேகம்.

ஒன்ராறியோ, மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கிப் பக்கத்துக் கார் ஆலைகள் உதிரிப்பாகங்களைக் குவித்து வைப்பதில்லை. இன்று பூட்ட வேண்டியது இன்று வந்து சேர வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. எங்கேயோ பாகம் வார்க்கும் ஓர் அச்சு உடைந்தாலும், ஒரு தொகுதி பழுதாக வந்தாலும், பெரிய லொறி பனியில் சிக்கினாலும் ஆலை நின்றுவிடும். அப்போது என்ன விலை கொடுத்தாவது ஒரு வானைப் பிடிப்பார்கள். கல்யாண வீட்டில் பந்தி நடுவே வாழையிலை முடிந்தால் சைக்கிளில் சந்தைக்கு ஓடுகிற பையனின் வேலைதான் நமக்கு. இலை போதுமானதாக இருக்கும் நாளில் அவனை யாரும் தேடுவதில்லை.

ஒருமுறை வின்சருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நடு இரவில் ஏற்றினேன். மரத்தட்டு ஒன்று, அதன்மேல் நான்கு அட்டைப்பெட்டிகள். உள்ளே கார்க் கதவின் உட்புறத்தில் மாட்டும் கறுப்புக் கொளுக்கிகள். பெருவிரல் அளவுதான் இருக்கும். விடியும்போது ஆலை வாசலில் ஃபோர்க்லிஃப்ட்காரர் இயந்திரத்தை அணைக்காமலே காத்திருந்தார். பின்கதவைத் திறந்ததும் அவர் தட்டைத் தொடவேயில்லை. கத்தியால் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, ஒரு பெட்டியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். ரசீதில் கையெழுத்து வாங்குவதற்காக அவர் திரும்பி வரும்வரை நான் குளிரில் நின்றேன். இந்தத் தொழிலின் கவர்ச்சி எல்லாம் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. கவலை தொடங்குவது பெட்டியை இறக்கிய பிறகுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். வின்சரிலிருந்து கென்டக்கியில் டொயோட்டா ஆலை இருக்கும் ஜார்ஜ்டவுனுக்குச் சுமார் 330 மைல். மைலுக்கு 1 டொலர் 40 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 462 டொலர். ஒரு இரவு வேலைக்கு நல்ல காசு என்று தோன்றும். ஆனால் மிசிசாகாவிலிருந்து வின்சர் வரை 220 மைல் வெறும் வானாகப் போயிருக்கிறீர்கள். திரும்பி வரச் சரக்குக் கிடைக்காவிட்டால் 550 மைல் வெறும் வானாக வர வேண்டும். மொத்தம் 1100 மைல் ஓடி 462 டொலர் என்றால் மைலுக்கு 42 சதம். டீசலுக்கே ஏறக்குறைய பாதி போய்விடும். தவணை, காப்புறுதி, டயர், பழுதுபார்ப்பு எல்லாம் மிச்சத்திலிருந்து வர வேண்டும். உங்கள் நித்திரைக்கு விலை ஒன்றும் இல்லை.

அங்கேயே நின்று அடுத்த சுமையை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சாரதி அப்படிச் செய்யலாம். ஜார்ஜ்டவுனில் இறக்கி, டெனசியில் ஏற்றி, அலபாமாவில் இறக்கி, ஒரு கிழமை சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். கனடாவிலிருந்து போகும் நமக்கு அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்க அனுமதி இல்லை. கனடாவுக்கு வரும் சரக்கைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே நெடுஞ்சாலையோரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். சுமை இருக்கிறது என்று அறிவிப்பு வந்த சில நிமிடங்களுக்குள் விலை சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொன்னார்கள், யார் எவ்வளவு குறைத்தார்கள் என்பது ஒருபோதும் தெரியாது.

இப்படிப் போட்டிக்கு விலை சொல்லும் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் சிப் தட்டுப்பாட்டினால் ஆலைகள் தடுமாறியபோது வானுக்கும் நல்ல விலை கிடைத்தது. அமெரிக்காவில் 10,001 இறாத்தலுக்குக் குறைந்த எடை வரம்புள்ள வானுக்கு, ஆபத்தான பொருள் ஏற்றாத வரையில், ஓட்டிய நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியும் வேண்டாம், 11 மணி நேர ஓட்டக் கட்டுப்பாடும் இல்லை. இங்கே ஒன்ராறியோவில் சாதாரண ஜி அனுமதிப்பத்திரமே போதும். நுழைவது இவ்வளவு சுலபம் என்றால் யார்தான் நுழைய மாட்டார்கள்? அடுத்த வருடமே சரக்குச் சந்தை சரிந்தது. வான்கள் மட்டும் குறையவில்லை. 2023இல் யெல்லோ என்ற பழம்பெரும் லொறி நிறுவனம் மூடியது. செயலி வழியாகச் சரக்குத் தரகு செய்த கான்வாய் அதே வருடம் அக்டோபரில் மூடியது. பெரிய நிறுவனமும் புதிய தொழில்நுட்பமும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த காலத்தில் தவணையில் வான் எடுத்தவர்களின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை. பழைய ஸ்பிரின்டர்கள் இப்போது மலிவாக விற்பனைக்கு வருவதைப் பார்த்துத்தான் உங்களுக்கும் ஆசை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தத் தொழிலில் பணம் எங்கே தங்குகிறது என்பதைப் பழைய கதையிலேயே பார்க்கலாம். ஒஹாயோவின் அக்ரோன் நகரில் இருந்த ராபர்ட்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற அவசரச் சரக்கு நிறுவனம், ஃபெடெக்ஸின் கைக்குப் போய் ஃபெடெக்ஸ் கஸ்டம் கிரிட்டிக்கல் ஆனது. அதே ஒஹாயோவின் பாந்தர் நிறுவனத்தை 2012இல் ஆர்கன்சாஸ் பெஸ்ட் என்ற லொறி நிறுவனம் 18 கோடி டொலருக்கு வாங்கியது. எக்ஸ்பிரஸ்-1 என்ற அவசரச் சரக்கு நிறுவனத்தில் 2011இல் பிராட் ஜேக்கப்ஸ் என்ற முதலீட்டாளர் பணம் போட்டு அதை எக்ஸ்பிஓ என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் ஆக்கினார். இவற்றுக்காக ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை நம்மைப் போன்றவர்களுடையவை. கோடிக்கணக்கில் கைமாறியது வண்டி அல்ல, ஆலையின் தொலைபேசி அழைப்பு யாருக்கு வருகிறது என்ற அந்த உறவு. வண்டி உங்களுடையது, தவணையும் உங்களுடையது. வாடிக்கையாளர் உங்களுடையவர் அல்ல.

இனி நமது பக்கத்து ஆலைகள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இறக்குமதிக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. பிராம்டனில் ஸ்டெலான்டிஸ் என்ற கார் நிறுவனத்தின் ஆலை 2023 கடைசியிலிருந்து ஓடவில்லை. அங்கே செய்வதாக இருந்த ஜீப் கம்பஸ் வண்டியை அமெரிக்காவின் இலினோய்க்குக் கொண்டுபோவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அதே மாதம் இங்கர்சோலில் மின்சார வான் தயாரிப்பை ஜெனரல் மோட்டார்ஸ் முடித்துக்கொண்டது. வின்சர், கேம்பிரிட்ஜ், வுட்ஸ்டாக், அலிஸ்டன் ஆலைகள் இன்னும் ஓடுகின்றன என்பது ஆறுதல். ஆனால் ஓர் ஆலை போனால் அதைச் சுற்றியிருக்கும் பாகத் தொழிற்சாலைகளும் ஆட்டம் காணும், நமது சுமைகள் அங்கிருந்துதான் வருகின்றன. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் 2026இல் மீளாய்வுக்கு வருகிறது. அதில் என்ன முடிவாகும் என்று தெரியாமல் ஐந்து வருடத் தவணையில் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டுநரில்லா லொறியைப் பற்றியும் பயந்து எழுதியிருந்தீர்கள். ஆரோரா நிறுவனம் 2025இல் டல்லஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஓட்டத் தொடங்கியது உண்மை. அது நேரான நெடுஞ்சாலை. நடு இரவில் பின்வாசலைத் தேடி, மணியடித்து, உறங்கும் காவலாளியை எழுப்பும் வேலைக்கு அது வர நாளாகும். நீங்கள் பயப்பட வேண்டியது கைபேசியில் தெரியும் விலைக்குத்தான்.

உங்களுக்கென்று இன்னொரு தடை இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு, நிரந்தர வதிவிடம் இருந்தாலும், அமெரிக்க விசா இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. கனடாக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதோடு 2025 ஜூன் 25 முதல் அமெரிக்க வீதிச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரியாத வர்த்தகச் சாரதியை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். உங்கள் ஆங்கிலம் போதும் என்று நினைக்கிறேன். எதற்கும் வீதிப் பலகைகளையும் சோதனையில் கேட்கும் வழக்கமான கேள்விகளையும் பழகிக்கொள்ளுங்கள்.

உங்களைத் தேடி இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர், "ஒரு நிறுவனம் பதிவு செய்துகொள், வரி பிடிக்காமல் முழுக் காசும் தருகிறோம்" என்பார். லொறி அவருடையது, வேலை நேரம் அவர் சொல்வது, விபத்து நடந்தால் மட்டும் நீங்கள் தனி முதலாளி. மிசிசாகா, பிராம்டன் அடங்கிய நமது பீல் பகுதியில் இது மலிந்து கிடக்கிறது. வரித் திணைக்களம் அதைத் தனிநபர் சேவை நிறுவனம் என்று எடுத்துக்கொண்டால், சிறு வணிகச் சலுகை இல்லாமல் வரி கட்ட வேண்டும். வேலைக்காப்புறுதி, வேலைவிபத்துக் காப்பு ஒன்றும் இருக்காது. மற்றவர், "முன்பணம் வேண்டாம், எங்கள் வண்டியையே ஓட்டி ஓட்டிக் கடனைக் கழியுங்கள்" என்பார். சுமை கொடுப்பவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆளாக இருந்தால், சுமை குறையும் மாதத்தில் வண்டி யாரிடம் திரும்பிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்றால் மூன்று இடங்களை வடிவாகப் படியுங்கள். சதவீதத்தில் கூலி தருவதானால், வாடிக்கையாளரிடம் வாங்கிய கட்டண ரசீதின் பிரதியை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அங்கே வண்டிக் குத்தகை விதி உண்டு. பிடித்துவைத்த வைப்புப் பணத்தை ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதிதான். தரகரின் கணக்கைப் பார்க்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியைப் பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் சேர்த்துவிடுவார்கள். பேரம் பேச உங்களுக்குப் பலம் இல்லாவிட்டாலும், எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

அப்படியென்றால் யார் பிழைக்கிறார்கள்? படுக்கை வைத்த நடுத்தர லொறியில் இருவராக ஓட்டுபவர்கள் பிழைக்கிறார்கள். பல இடங்களில் கணவனும் மனைவியும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் ஓட்டுவதால் ஆலைக்கு அவர்கள் நேரம் தப்பாதவர்கள். குளிரூட்டியும் பின்பக்கத் தூக்கியும் வைத்து மருந்து, ஆய்வுக்கூடப் பொருள், விமானப் பாகம் ஏற்றுபவர்களும் பிழைக்கிறார்கள். அங்கே பயிற்சியும் சான்றிதழும் கேட்பார்கள், அதனால் கூட்டம் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு தமிழர் எல்லையே தாண்டுவதில்லை. டொரொன்டோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் தென் ஒன்ராறியோ மருத்துவமனைகளுக்கும் இடையே மட்டும் ஓடி, இரவு வீட்டில் சாப்பிடுகிறார். வருமானம் பெரிதில்லை. வெறும் வண்டியாக ஓடும் மைலும் பெரிதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வருடம் வான் வாங்கமாட்டேன். காற்றுப் பிரேக் உள்ள லொறி ஓட்டுவதற்கான டிஇசட் அனுமதிப்பத்திரத்தை எடுத்து, நல்ல நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு நடுத்தர லொறி ஓட்டுவேன். வர்த்தக ஓட்ட அனுபவம் இல்லாதவருக்குப் பெரும்பாலான காப்புறுதிக்காரர்கள் கேட்கும் விலையே அந்த இருபதாயிரத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும். அனுபவம் சேரும் காலத்தில் குடியுரிமையும் நெருங்கிவிடும், ஆலைகளின் போக்கும் தெரிந்துவிடும்.

இவ்வளவு சொல்லியும் வாங்குவதென்றே முடிவெடுத்தால், ஜூன் மாதத்தில் வாங்காதீர்கள். ஜூலைத் தொடக்கத்தில் பல கார் ஆலைகள் ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று மூடிவிடும். முதல் தவணை சரியாக அப்போதுதான் வந்து நிற்கும்.