மைக்ரோவேவ் பிளாஸ்மாவைத் தொடர்ந்து தராமல் ஏன் விட்டு விட்டுத் தருகிறார்கள்?

டர்பனில் வேதிப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கார்பன் டை ஆக்சைடை கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனுமாக உடைக்க மைக்ரோவேவைத் தொடர்ந்து கொடுத்தால் ஆகாதா, எதற்கு இந்தத் துடிப்பு?

தொடர்ந்து கொடுத்தாலும் உடையும், தம்பி. ஆனால் மின்சாரத்தில் பெரும்பங்கு வாயுவைச் சூடாக்கவே போய்விடும்.

எலக்ட்ரான்கள் பிரிந்து தனியே திரியும் வாயுதான் பிளாஸ்மா. மைக்ரோவேவ் முதலில் ஆட்டிவைப்பது அந்த எலக்ட்ரான்களைத்தான். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு எலக்ட்ரானைவிட சுமார் 80,000 மடங்கு கனம். சும்மா மோதினால் எலக்ட்ரானின் ஆற்றலில் ஏறக்குறைய 40,000-இல் ஒரு பங்குதான் கைமாறும். அதனால் எலக்ட்ரான்கள் 10,000 கெல்வினைத் தாண்டினாலும் வாயு கொஞ்ச நேரம் சில நூறு கெல்வினிலேயே இருக்கும். வித்தை முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

எலக்ட்ரான் மோதி மூலக்கூறை அதிரவைக்கிறது. ஒரு படிக்கு 0.29 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் சிறு அலகு). பிணைப்பு அறுபட 5.5 வேண்டும். அதிரும் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கி, அதில் சில உச்சிவரை ஏறி உடைகின்றன. வாயு சூடேறிவிட்டால் இந்த அதிர்வு வெறும் வெப்பமாகிவிடும். எனவே சூடேறும் முன் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி அடிக்கிறோம். அழுத்தம் கூடினால் துடிப்பையும் குறுக்க வேண்டும்.

எழுபது, எண்பதுகளில் சோவியத்தின் குர்ச்சாத்தோவ் அணு ஆய்வு நிறுவனத்தார் 80 சதவீதத்துக்கு மேல் ஆற்றல் திறன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். பிறகு மற்ற ஆய்வகங்களுக்கு 50-ஐத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது. அளந்து பார்த்தால் பிளாஸ்மாவின் நடுப்பகுதி பல ஆயிரம் கெல்வினில் இருந்தது. அந்தச் சூட்டிலும் மூலக்கூறு உடையத்தான் செய்கிறது. உடைந்தது திரும்ப ஒட்டிக்கொள்ளாமல் சட்டென்று குளிரவைப்பதும் துடிப்பளவுக்கு முக்கியம் என்பது என் கருத்து.

மீத்தேனை இதேபோல் உடைக்கும்போது துடிப்பின் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். குவார்ட்ஸ் குழாய்க்குள் இளம்பச்சை ஒளி தெரிந்தால் அது இரு கார்பன் மூலக்கூறு உமிழ்வது, 516 நானோமீட்டர் பக்கம். துடிப்பு நீண்டால் அசெட்டிலினோடு நிற்காமல் கரி விழும். சுவரில் படிந்த கரி மைக்ரோவேவை உறிஞ்சும், குழாய் அந்த இடத்தில் சூட்டில் பழுத்துவிடும். பச்சை மங்கி மஞ்சள் கலந்தால் உடனே நிறுத்துங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவுக்கு இது ஏன் வேண்டும் என்றால், செகுண்டாவைப் பாருங்கள். நிலக்கரியிலிருந்து எரிபொருள் எடுக்கும் அந்த ஆலை, ஒரே இடத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதில் உலகிலேயே முன்னணியில் இருக்கிறது. அங்கு வாயுவை எரிபொருளாக மாற்றும் ஃபிஷர்–ட்ரோப்ஷ் உலைகளுக்கோ கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான் தீனி. பிளாஸ்மா நொடிகளில் எரியும், அணையும். வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்துக்கு அது பொருந்தும். இடையில் நிற்பது, வெளிவரும் கலவையிலிருந்து ஆக்சிஜனைக் குறைந்த செலவில் பிரிப்பது. ஆய்வுத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் அதை எடுங்கள்.