வாசகர் கேள்வி: ஆலைக்காரர்கள் பாடிய வானொலி

கேள்வி: தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களே பாடி, வாசித்து வானொலி நிகழ்ச்சி நடத்தியது உண்டா?
– வாசகி ஒருவர், அட்டன்

பதில்: உண்டம்மா. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் ஸ்டீல் என்ற இரும்பாலை 1936இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. முதலில் உள்ளூர் நிலையத்தில், அப்புறம் நாடு முழுக்க ஒலித்து, 1944 வரை ஓடியது. பாடியவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்கள், அலுவலகத்துச் சுருக்கெழுத்துப் பெண், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அவருக்குக் கொழுந்து முறுக்கும் ரோலர் மெஷினில் வேலை. ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் நான்தான் கொண்டுபோவேன். வாடிய கொழுந்து சுழன்று முறுகும் பச்சை வாசம், காதை அடைக்கும் இரைச்சல். அதற்கும் மேலே அவர் குரல் கேட்கும். கறை ஏறிய விரலால் தகரத்தில் தட்டுவார். மெஷின் சுற்றும் தாளத்துக்கு அப்படியே பொருந்தும். டிரையர் பக்கம் நிற்கிற மாமா அடுத்த அடியை எடுப்பார். நான் வாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருப்பேன்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், இலங்கை வானொலி நாள் முழுக்கப் பாடும். அதில் அப்பா குரல் ஒருநாளும் வந்ததில்லை. யாரும் பதிந்தும் வைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் தோட்டத்தில் பாடுகிற பெரியவர் இருக்கிறாரா? இந்தக் கிழமையே போனில் பதிந்துவிடுங்கள், மெஷின் சத்தத்தோடு சேர்த்தே.