டின்னின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

கேள்வி: நானே மரத்தில் செய்த சின்ன மாதிரிப் பாய்மரப் படகுக்கு வார்னிஷ் அடித்து நான்கு நாள் ஆகிறது. தொட்டால் இன்னும் ஒட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விடுங்கள். ஒரே கையில், அதாவது ஒரே பூச்சில், கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். மேலே பாலாடை மாதிரி காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கிறது. காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அப்போதும் ஒட்டினால் தின்னர் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, மெல்லிசாக மூன்று கை அடியுங்கள். ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும்.

கேள்வி: படகைத் தண்ணீரில் விட ஆசை. டின்னில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று போட்டிருந்தால் போதும்தானே?

பதில்: இந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீ சிந்தினால் தாங்குவதும் வாட்டர் ப்ரூஃப், குளத்தில் மிதப்பதும் வாட்டர் ப்ரூஃப்! டின்னைத் திருப்புங்கள். வீட்டுக்குள் மட்டுமா, வெளியிலுமா என்று பொடி எழுத்தில் இருக்கும். வெயிலும் தண்ணீரும் படுகிற படகுக்கு ஸ்பார் வார்னிஷ் வாங்குங்கள். ஸ்பார் என்றால் பாய் கட்டும் கம்பம். காற்றில் கம்பம் வளையும்போது பூச்சும் விரிசல் விடாமல் கூடவே வளைய வேண்டும் என்று உருவான சரக்கு அது. நல்ல டின்னில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் சேர்த்திருப்பார்கள். அரக்குப் பாலிஷ் மட்டும் வேண்டாம், தண்ணீர் நின்றால் வெள்ளை பூக்கும். சரி, அலமாரியில் வைக்கிற படகா? ஸ்பாருக்குச் செலவழிக்காதீர்கள். சாதாரண உள்வீட்டு வார்னிஷ் போதும்.

அப்புறம், பெரிய டின் லாபம் என்று நினைக்காதீர்கள். முழங்கை நீளப் படகுக்கு நான் ஒரு லிட்டர் வாங்கினேன். கால்வாசிகூடத் தீரவில்லை. அடுத்த முறை திறந்தால் மேலே தடித்த ஆடை. அதைக் குத்திக் கலக்கி அடித்த புத்திசாலி நான். மேல்தளத்தில் மணல் தூவியது போல இன்றும் கட்டிக்கட்டியாக நிற்கிறது.

கேள்வி: மேட் வார்னிஷ் அடித்தும் பளபளக்கிறதே?

பதில்: கலக்காமல் அடித்தீர்கள். பளபளப்பைக் குறைக்கும் தூள் டின்னின் அடியில் தங்கிக் கிடக்கிறது. குலுக்காதீர்கள், குமிழி வரும், குச்சியால் கலக்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘தேக்குப் படகு’ வாங்கினேன். ஈரத்துணியால் தூசி துடைத்ததும் சாயம் ஒட்டிக்கொண்டது. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

பதில்: தூசி துடைப்பதெல்லாம் பயன்படுத்துவதா? தப்பு உங்கள் மேல் இல்லை. சாயத்துக்கு மேல் காப்புப் பூச்சே கொடுக்காமல் விற்றிருக்கிறார்கள். ‘தேக்கு’ என்று போட்டிருந்த பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு மாறிவிடும். சாயம் ஏறிய துணியையும் தூக்கி எறியாதீர்கள். போனில் சண்டை வேண்டாம், எழுத்தில் பணம் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடுங்கள்.

கேள்வி: மரத்துக்குப் பூசிய ஆளிவிதை எண்ணெயைத் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்குமாம். கதைதானே?

பதில்: கதை இல்லை. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். கசக்கிப் போட்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லை. வெளியில் விரித்துக் காயவையுங்கள்.