பேக்வெல் டார்ட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இங்கிலாந்தில் குடியிருக்கும் தமிழ் வீடுகளிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் ஏழு, ஒரே பலகாரத்தைச் சுற்றி வந்தவை. டெர்பிஷயரில் உள்ள பேக்வெல் ஊரின் பெயர் கொண்ட பாதாம்-ஜாம் பலகாரம்தான் அது. நான் இருப்பது டெர்பியில். பேக்வெல் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதனால் ஏழையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, ஆறு ஆறாகப் பெட்டியில் வரும் செர்ரி பேக்வெல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். போன மாதம் பேக்வெல் ஊருக்கே போய், "பேக்வெல் புட்டிங்" வாங்கினோம். வெள்ளை ஐசிங் இல்லை, செர்ரி இல்லை. நடுவில் குழிந்து, மேலே கருகினாற்போல் இருந்தது. ஏமாந்துவிட்டோமா? வீட்டில் எதைச் செய்து பார்ப்பது?

ஏமாறவில்லை. நீங்கள் வாங்கியதுதான் அந்த ஊரின் சொந்தப் பலகாரம். ஒரே பெயரில் மூன்று பொருள்கள் கடையில் இருப்பதால் வரும் குழப்பம் இது.

புட்டிங் என்பது பஃப் பேஸ்ட்ரியால் ஆன கிண்ணம். அடியில் ஜாம், அதன்மேல் முட்டை, வெண்ணெய், சர்க்கரை, பாதாம் சேர்ந்த கலவை. வெந்தபின் அது கஸ்டர்டும் இல்லாமல் கேக்கும் இல்லாமல் நடுவில் நிற்கும். குழிவது அதன் இயல்பு. டார்ட்டுக்கு அடியில் ஷார்ட்கிரஸ்ட், அதாவது பிஸ்கட் போல உதிரும் மாவு. ஜாமின்மேல் ஃப்ராஞ்சிபேன் என்ற பாதாம் கேக் கலவை, அதற்கும் மேலே சீவிய பாதாம். ஐசிங்கும் பாதிச் செர்ரியும் வைத்த செர்ரி பேக்வெல், அந்த டார்ட்டைச் சிறிதாக்கிப் பெட்டியில் அடைத்த வடிவம்.

புட்டிங் பிறந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சதுக்கத்தில் ரட்லண்ட் ஆர்ம்ஸ் ஹோட்டல் இருக்கிறது, 1804-இல் கட்டியது. அதற்கு முன் அங்கே இருந்தது வைட் ஹார்ஸ் விடுதி. முதலாளியம்மா சொன்னதைச் சமையல்காரர் தப்பாக வாங்கிக்கொண்டு, மாவில் கலக்க வேண்டிய முட்டைக் கலவையை ஜாமின்மேல் ஊற்றிவிட்டார் என்பது கதை. இது 1860 வாக்கில் நடந்தது என்று சிலர் சொல்வது நிற்காது. எலைஸா ஆக்டன் 1845-இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே பேக்வெல் புட்டிங் செய்முறை இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் "அசல் செய்முறை எங்களிடம்தான்" என்கின்றன. அசல் என்ற சொல்லுக்காக ஒரு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள். சூடாக இருக்கிறதா, பாதாம் மணக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் முதலில் டார்ட் செய்யுங்கள். புட்டிங்கில் பஃப் பேஸ்ட்ரியின் அடி வேகாமல் போக வாய்ப்பு அதிகம். கை பழகியபின் அதற்குப் போகலாம்.

கேள்வி: "பேக்வெல் டார்ட் கிட்" என்று ஒரு பெட்டி ஆன்லைனில் 14 பவுண்டுக்கு வருகிறது. எல்லாம் அளந்தே இருக்குமாம். தனித்தனியாக வாங்குவதைவிட லாபமா?

லாபம் இல்லை. முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். "நீங்கள் சேர்க்க வேண்டியவை" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். வெண்ணெய், முட்டை, சில பெட்டிகளில் ஜாமும் அந்த வரியில்தான். அப்படியானால் 14 பவுண்டுக்குப் பெட்டிக்குள் வருவது மைதா, சர்க்கரை, ஒரு கைப்பிடி பாதாம் தூள், ஒரு வாசனைப் பொட்டலம். மைதாவும் சர்க்கரையும் ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கும்.

அளவுதான் கவலை என்றால் அதை நானே தருகிறேன். 23 செ.மீ. டின்னுக்கு, அடிமாவு: மைதா 200 கிராம் (இங்கே பாக்கெட்டில் பிளெய்ன் ஃப்ளவர் என்று இருப்பது), குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம், ஒரு மஞ்சள் கரு, ஐஸ் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, சிட்டிகை உப்பு. மேல்கலவைக்கு ஒரே எண்தான்: வெண்ணெய், சர்க்கரை, பாதாம் தூள் ஒவ்வொன்றும் 150 கிராம், மீடியம் முட்டை மூன்று, மைதா ஒரு மேசைக்கரண்டி. நடுவில் ஜாம் நான்கு மேசைக்கரண்டி. அடிமாவை டின்னில் விரித்து, அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்து, பட்டர் பேப்பர் போட்டு, மேலே காய்ந்த கொண்டைக்கடலையைப் பரப்பி 200 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு இன்னும் 5 நிமிடம். பிறகு ஜாம், கலவை, சீவிய பாதாம். 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஃபேன் ஓவன் என்றால் இரண்டிலும் 20 டிகிரி குறையுங்கள். பேக்கிங் பீன்ஸ் என்று பீங்கான் உருண்டைகளைத் தனியாக விற்பார்கள். வேண்டாம், நம் கொண்டைக்கடலை போதும். அந்தக் கடலையை ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப உதவும். சமைக்க மட்டும் ஆகாது.

காசைப் போட வேண்டிய இடம் பாதாம் தூள். இந்தப் பலகாரத்தின் ருசியே அதுதான். கிரவுண்ட் ஆமண்ட்ஸ் என்று இருப்பதை எடுங்கள்; தோல் உரித்து, ரவை மாதிரி சற்றே கொரகொரப்பாக அரைத்தது. ஆமண்ட் ஃப்ளவர் என்பது அதைவிட நைசு, பெரும்பாலும் விலையும் கூட. டார்ட்டுக்கு அந்த நைசு தேவையில்லை. கேக் சாமான் அடுக்கில் இருக்கும் 100, 150 கிராம் பாக்கெட்டையும், ஆசியச் சாமான் அடுக்கில் அல்லது நம் மளிகைக்கடையில் இருக்கும் பெரிய பையையும் ஒப்பிடுங்கள். பாக்கெட் விலையை விடுங்கள், அலமாரித் தட்டில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பாருங்கள். அதே பாதாம், இரண்டு அடுக்குத் தள்ளி வேறு விலையில் இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மலிவு என்று ஒரு கிலோ பையை வாங்கி அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்தவள் நான். மூன்றாவது மாதம் திறந்தபோது நிறம் மாறவில்லை, கட்டி தட்டவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் மட்டும் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தாற்போல ஒரு வாடை. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன், தொண்டை வரை காறல். எண்ணெய்ச் சத்துள்ள தூள், சூட்டில் சீக்கிரம் காறிவிடும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்கினால் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். கலக்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை ருசி பாருங்கள். காறிய பாதாமை எந்த எசன்ஸும் மறைக்காது.

முழுப் பாதாம் மலிவாகக் கிடைத்தால் வீட்டிலேயே அரைக்கலாம். பாதாம் பாலுக்குச் செய்வதுபோல் கொதிநீரில் போட்டுத் தோலைப் பிதுக்கி எடுங்கள். பிறகு துணியில் பரப்பி ஒரு ராத்திரி நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் மிக்ஸியில் விழுதாகிவிடும். செய்முறைச் சர்க்கரையில் இரண்டு கரண்டியைச் சேர்த்து, விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் பிரியும்.

எசன்ஸில் எக்ஸ்ட்ராக்ட் என்று ஒன்று, ஃப்ளேவரிங் என்று ஒன்று, விலையில் நல்ல வித்தியாசம். பாதாம் மணத்தைத் தருவது பென்சால்டிஹைடு என்ற பொருள். இரண்டிலும் முக்கியமானது அதுதான். ஓவனில் வெந்து வரும் டார்ட்டில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரிந்ததில்லை. இருப்பதிலேயே சின்னப் பாட்டிலை வாங்குங்கள். அரைத் தேக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் மருந்து வாசனை அடிக்கும்.

கேள்வி: ஜாம் எதுவானாலும் ஒன்றுதானே? அடியில் மறைந்துதானே போகிறது?

மறைவதில்லை. வெட்டியவுடன் தெரியும் சிவப்புக் கோடு அதுதான். இங்கே ஜாம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், ராஸ்பெர்ரி போன்ற பழங்களில் 100 கிராமுக்கு 35 கிராம் பழமாவது போட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். எக்ஸ்ட்ரா ஜாம் என்றால் 45 கிராம். அந்த எண் பாட்டிலிலேயே எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். டார்ட்டில் பாதாமின் தித்திப்பை வெட்டுவதற்குப் பழத்தின் புளிப்பு வேண்டும். அதனால் ஜாமில் ஐம்பது பென்ஸ் கூடக் கொடுப்பது வீண் இல்லை. ராஸ்பெர்ரிதான் வழக்கம். விதை இருந்தால் இருக்கட்டும்.

சர்க்கரை குறைத்த ஜாமை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். அதில் நீர் அதிகம். கலவை வேகுமுன் ஜாம் கொதித்து ஓரமாகப் பொங்கி, அடிமாவை நனைத்துவிடும். தித்திப்பு குறைய வேண்டும் என்றால் மேல்கலவையின் சர்க்கரையை 120 கிராமாக்குங்கள், ஒன்றும் கெடாது.

கேள்வி: நாங்கள் முட்டை சாப்பிடும் சைவம். கடையில் விற்கும் ரெடி பேஸ்ட்ரி, மேலே வைக்கும் செர்ரி இவற்றில் பார்க்க வேண்டியது உண்டா?

உண்டு. பேஸ்ட்ரியில் லார்ட் என்றால் பன்றிக் கொழுப்பு. பெரிய கடைகளின் ரெடி பேஸ்ட்ரி பெரும்பாலும் தாவர எண்ணெயிலோ வெண்ணெயிலோ செய்தவைதான், ஆனாலும் பொருள் பட்டியலைப் படிக்காமல் எடுக்காதீர்கள். ஆல் பட்டர் என்று இருந்தால் வெண்ணெய் மட்டும், ருசி அதில்தான்.

சீனிப்பாகில் ஊறிய கிளாசே செர்ரியில் நிறத்தைப் பாருங்கள். E120 அல்லது கார்மின் என்று இருந்தால், அது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. E127 என்றால் செயற்கை நிறம், பூச்சி இல்லை. ஆந்தோசயனின் என்றால் பழம், காய்கறியிலிருந்து வந்தது. டார்ட்டுக்குச் செர்ரி தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆன்லைனில் நான்-ஸ்டிக் டார்ட் டின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டாம் தடவையே கறுப்புப் பூச்சு உரிந்து டார்ட்டின் அடியில் ஒட்டிக்கொண்டது. விற்றவரைக் கேட்டால், "தயாரித்த கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறார்.

அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் காசு கொடுத்தது விற்றவரிடம், பொறுப்பும் அவருடையதே. 2015-ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி பொருள் தரமானதாக இருக்க வேண்டும். குறையுள்ள பொருளை, கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் கேட்கலாம். திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவருடையது. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, இன்றே எழுதுங்கள். உரிந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, வாங்கிய தேதியைக் குறிப்பிட்டு, "பொருளை நிராகரிக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று அந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள். ஃபோனில் பேசி முடிக்காதீர்கள். 30 நாள் தாண்டினால் முதலில் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் சரிவராவிட்டால்தான் பணத்துக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள்: டார்ட்டை டின்னுக்குள்ளேயே வைத்துக் கத்தியால் வெட்டினீர்களா? கத்தி கீறி உரிந்திருந்தால் கேட்பதில் நியாயம் இல்லை.

அடுத்து வாங்கும்போது, அடித்தட்டு தனியே கழலும் உலோக டின்னாக வாங்குங்கள். பூப்போட்ட பீங்கான் தட்டு மேசைக்கு அழகு. ஆனால் அது சூடாக நேரமாகும், அடிமாவு வெளுத்து நமுத்துப் போகும்.

கேள்வி: அம்மாவின் பிறந்தநாளுக்குத் தபாலில் புட்டிங் வரவழைத்தேன். நசுங்கி வந்தது. "தின்பண்டத்தைத் திருப்பி எடுப்பதில்லை" என்கிறார்கள்.

இரண்டையும் குழப்புகிறார்கள். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பும் உரிமை, சீக்கிரம் கெடும் உணவுக்குக் கிடையாது, அது சரி. உங்களுடையது மனமாற்றம் இல்லை, சேதம். பொருள் உங்கள் கைக்கு வந்து சேரும்வரை சேதத்துக்குப் பொறுப்பு விற்றவர். பெட்டியையும் புட்டிங்கையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு இருபது சின்ன டார்ட் செய்து கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.

பள்ளியிடம் கேட்காமல் அடுப்பை மூட்டாதீர்கள். இங்கே பல பள்ளிகளில் பருப்புக் கொட்டை வகைகளுக்கே தடை. தமிழ்ப் பள்ளி வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டடத்துக்கும் அந்த விதி இருக்கலாம். பாதாமுக்குப் பதில் ரவை போட்டுச் செய்கிறேன் என்றாலும், நேற்று பாதாம் அரைத்த அதே மிக்ஸி, அதே கரண்டி என்றால் ஆபத்து ஆபத்துதான். தடை இருந்தால் வேறு பலகாரம் செய்யுங்கள். இல்லை, அனுமதித்தார்கள் என்றால் தட்டுக்கு முன்னால் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: பாதாம், முட்டை, பால், கோதுமை. பிள்ளைகள் கைக்கு எட்டாத மேசையாகப் பார்த்து வைத்து, நீங்களே பக்கத்தில் நின்று கொடுங்கள்.