அப்பாவுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது: கண்ணாடியை மாற்றினால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, பத்து வருடமாக இனிப்புநீர். நேற்றிலிருந்து ரோட்டில் ஒவ்வொரு காரும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரிகிறதாம். பத்திரிகை படிக்கச் சிரமமில்லை. புதுக் கண்ணாடி போட்டால் சரியாகுமா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கி வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடியும் இரண்டாகவே தெரிந்தால், திறந்திருக்கும் கண்ணில்தான் கோளாறு; புரையாக இருக்கலாம். எதை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அது கண்ணாடிக் கடையில் தீருகிற விஷயமல்ல.

ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள். அவற்றை மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள் இயக்குகின்றன; மூளை நரம்புகளின் வரிசையில் அவை மூன்றாவது, நான்காவது, ஆறாவது. ஆறாவது நரம்புக்கு ஒரே வேலை, கண்ணைக் காதுப் பக்கம் திருப்புவது. அது சோர்ந்தால் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கும். கிட்டத்தில் படிக்கும்போது கண்கள் எப்படியும் உள்ளே திரும்புவதால் தொல்லை தெரியாது. உங்கள் அப்பாவின் கதை இதற்குத்தான் பொருந்துகிறது.

நான்காவது நரம்பு கெட்டால் உருவங்கள் மேலும் கீழுமாகப் பிரியும். பத்துமலையின் 272 படிகளை ஏறிவிடுவார்கள், இறங்கும்போதுதான் தடுமாறுவார்கள். தலையில் அடிபட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

எனக்குப் பயம் மூன்றாவதில்தான். இமையைத் தூக்குவதும் கண்மணியைச் சுருக்குவதும் அதன் வேலை. சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. இனிப்புநீரில் நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுவதால் இந்த இழைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் மூளையின் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல் வீங்கி வெளியிலிருந்து நசுக்கினால், முதலில் அடிபடுவது அவைதான். ஆகவே இமை தொங்கி, அந்தக் கண்மணி மட்டும் விரிந்திருந்தால் உடனே 999. கடும் தலைவலி, வாய்க்கோணல், பேச்சுக் குழறல் இருந்தாலும் அப்படியே.

இவை எதுவும் இல்லையென்றாலும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். இனிப்புநீரால் வந்ததென்றால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் தேறும். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் நிம்மதியாக நடமாடலாம். புதுக் கண்ணாடிக்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். நரம்பு தேறத் தேற கண்ணின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.