காளானைப் படமெடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: பழனிமலை மேல்மலைக் கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். மழைக்காலத்தில் மாணவர்கள் காளான்களையும் லைக்கன்களையும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) செல்போனில் படமெடுக்கிறார்கள். அவை ஆய்வுக்குப் பயன்படுமா?

பதில்: படத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் சிற்றினம் வரை போக முடியாது. உலர்த்திய மாதிரியும் குறிப்பும் கூடவே இருந்தால் நிச்சயம் பயன்படும். உலகில் காளான் உள்ளிட்ட பூஞ்சைச் சிற்றினங்கள் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது 2017-ல் வந்த ஒரு மதிப்பீடு. பெயர் சூட்டப்பட்டவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். உங்கள் ஊர்க் காளானுக்கு இன்னும் பெயரே இல்லாமல் இருக்கலாம்.

காளானைப் பறிக்கும் முன் குடையின் மேல்பக்கம், அடிப்பக்க மடிப்புகளான செவுள்கள், தண்டு மூன்றையும் படமெடுங்கள். பிறகு கத்தியால் மண்ணைக் கிளறி அடியோடு எடுங்கள். அமானிட்டா என்ற காளான் வகையை அடையாளம் காட்டும், தண்டின் அடியிலுள்ள பை போன்ற உறை மண்ணுக்குள்தான் இருக்கும். தண்டை ஒடித்தால் அது போய்விடும். பக்கத்தில் நிற்பது சோலை மரமா, வெளிநாட்டிலிருந்து வந்த பைன் மரமா, வாட்டில் மரமா என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டு மரத்தின் வேரோடு வாழும் காளான் அந்த மரத்தோடே வந்ததாக இருக்கலாம். மணம், தேதி, இடக்குறியீடு, உயரம், படத்தின் எண் எல்லாம் பென்சிலில்.

அன்றே ஒரு குடையை வெட்டி, பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளில் செவுள் கீழே இருக்கும்படி வைத்து டம்ளரால் மூடிவையுங்கள். மறுநாள் காலை வித்துத்தூள் (காளானின் விதை போன்ற நுண்துகள்) படிந்திருக்கும்; அதன் நிறம் அடையாளம் காண உதவும். வெள்ளைத் தாள் மட்டும் வைத்தால் வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாது.

பலர் கோட்டைவிடுவது உலர்த்துவதில். 40–45 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் காளான் வெந்து, மரபணுவும் சிதையும். விறகடுப்பின் மேல் வைக்க வேண்டாம். மழைக்கால வெயிலை நம்பினால் புழு முந்திக்கொள்ளும். உலர்த்தும் கருவி இல்லையென்றால் அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு, மேலே கம்பிவலை, பக்கத்தில் ஒரு வெப்பமானி. வளைத்தால் முறுக்குப்போல் ஒடிய வேண்டும். உடனே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போடுங்கள். மலைக்காற்றில் விட்டால் மறுபடி நமத்துவிடும்.

லைக்கனுக்கு இவ்வளவு பாடு இல்லை. காய்ந்தது நொறுங்கும் என்பதால் தண்ணீர் தெளித்து எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் பூசணம் பிடிக்கும். ஒட்டிக்கிடக்கும் வகையை மரப்பட்டையின் மெல்லிய சீவலோடு எடுக்கலாம். மிக மெதுவாக வளர்வது. நிறைய இருக்கும் இடத்தில் கொஞ்சம் மட்டும் எடுங்கள்.

மளிகைக் கடைக் கல்பாசியும் லைக்கன்தான், மாணவர்கள் அதில் பழகட்டும். மேல்தோலை பிளேடால் சுரண்டி, வெள்ளை உட்பகுதியில் மணமில்லாத பிளீச் ஒரு துளி விடுங்கள். பார்மோட்ரீமா டிங்டோரம் என்ற லைக்கன் இனமாக இருந்தால் சட்டென்று சிவக்கும். பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற இனத்தில் நிறம் மாறாது. சிவப்பு சீக்கிரம் மறையும், லென்ஸால் பார்த்துக்கொண்டே விடுங்கள். பழைய பிளீச் வீரியம் இழந்திருக்கும். சிவக்கும் என்று தெரிந்த துண்டில் முதலில் சோதியுங்கள்.

வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காட்டுக்குள் எதையும் எடுக்காதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நம் நாட்டிலேயே லைக்கனுக்கு லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம், பூஞ்சைக்குப் புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றன. முதலில் படங்களையும் குறிப்புகளையும் அனுப்பிக் கேளுங்கள். மாதிரியை அவர்கள் சொன்ன பிறகு அனுப்பலாம்.