விழுந்தாலும் நனைந்தாலும் எரிகிற டார்ச் லைட் எது?

கேள்வி: இரவு நடைக்கும், கூடாரம் அடித்துத் தங்குவதற்கும், வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே ஒரு டார்ச் லைட் வேண்டும். இதுவரை வாங்கியவை ஓராண்டு தாண்டவில்லை. ஒன்று மழையில் நனைந்து நின்றது. இன்னொன்றில் செல் கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்துவிட்டது. 5000 லுமென், 10,000 லுமென் என்று போட்டிருப்பவற்றில் எது நீடித்து உழைக்கும்?

பதில்: உங்கள் டார்ச்சுகள் கெட்ட விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டிலும் எல்இடி பழுதாகவில்லை. சூட்டைச் சரியாக வெளியேற்றும் உடலுக்குள் இருந்தால் எல்இடி பல்லாயிரம் மணி நேரம் எரியும். டார்ச் கெடுவது தண்ணீர் புகும் மூட்டில், பட்டனில், பேட்டரி இருக்கும் குழாயில். அதனால் லுமெனை, அதாவது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவை, முதலில் பார்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்.

சாதாரண அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். செல் தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் வாயு சேர்ந்து, அடைப்பு விட்டு, காரம் வெளியே வந்து ஸ்பிரிங்கையும் பித்தளையையும் அரித்துவிடும். உங்களுடையதில் நடந்தது இதுதான். எவ்வளவு விலை உயர்ந்த டார்ச்சானாலும் இதற்குத் தப்பாது. ஏஏ அளவு செல் போடுகிற டார்ச் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல்லைப் போடுங்கள். மாதக் கணக்கில் தொடாமல் அவசரத்துக்கு வைத்திருக்கும் டார்ச்சுக்கு ரீசார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் நல்லது. அது எளிதில் கசியாது, பத்தாண்டு கிடந்தாலும் சக்தி பெரிதாகக் குறையாது, கடுங்குளிரிலும் வேலை செய்யும்.

அடிக்கடி பயன்படுத்துவோருக்கு என் முதல் தேர்வு 18650 அல்லது 21700 என்ற லித்தியம் அயன் பேட்டரி. இந்த எண்கள் அளவைச் சொல்பவை: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அடுத்தது 21 மி.மீ., 70 மி.மீ. நல்ல 18650 சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளும், 21700 சுமார் 5000. 18650 மீது 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்தப் பேட்டரியையும் அதோடு வரும் டார்ச்சையும் ஒதுக்கிவிடுங்கள். அளவு மீறிய சார்ஜையும் ஷார்ட்டையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியாகவே வாங்குங்கள். உறை கிழிந்ததை மறுபடி போடாதீர்கள்.

பேட்டரியை வெளியே எடுக்க முடிகிறதா என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் தளரத் தொடங்கும். மாற்றவே முடியாதபடி உள்ளே அடைத்திருந்தால், பேட்டரி போகும் நாளில் டார்ச்சும் போகும். சில நிறுவனங்கள் தங்கள் டார்ச்சுக்கு மட்டுமே பொருந்தும் தனி வகைப் பேட்டரியை வைக்கின்றன. அதையும் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது தண்ணீர். எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை ஐபி என்று தொடங்கும் குறியீடு சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடுமையானது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். மழையில் நடப்பவருக்கு 7க்குக் குறைய வேண்டாம். இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை, அதனால் கடல்நீர் பட்டால் உடனே கழுவித் துடையுங்கள். எங்கும் மண்ணும் புழுதியும் என்றால் ஐபி67 அல்லது ஐபி68 பாருங்கள், அவற்றில்தான் தூசிக்கும் சோதனை உண்டு.

தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ‘ஜூம்’ டார்ச்சை வெளிப்புற வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஈரக் காற்றை உள்ளே உறிஞ்சும். நகரும் மூட்டை நன்றாக அடைப்பது கடினம். யுஎஸ்பி துளையும் இப்படித்தான். மெல்லிய ரப்பர் மூடி தொங்கிக்கொண்டிருந்தால் முதலில் கெடுவது அதுதான். இறுக்கமான மூடி உள்ளதையோ, பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜ் செய்வதையோ தேர்ந்தெடுங்கள்.

உடல் உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடின அனோடைசிங் செய்த, அதாவது மேற்பரப்பைக் கடினமான ஆக்சைடு படலமாக்கிய அலுமினியம் கீறல் தாங்கும், சூட்டையும் வெளியேற்றும். தடிமனான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் அடி தாங்கும், குளிரில் கையைக் கடிக்காது. ஆனால் அதிக வெளிச்சத்துக்கு ஏற்றதல்ல. பின்மூடியைக் கழற்றி மரையைப் பாருங்கள். தடித்த மரையும் அதனடியில் ரப்பர் வளையமும் இருந்தால் கவனமாகச் செய்தது என்று பொருள். கையில் மாட்டக் கயிறு கட்டும் துளையும் இருக்கட்டும்.

இப்போது வெளிச்சம். டார்ச்சுக்குள் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லுமென் என்று வையுங்கள். 5000 லுமெனுக்கு 50 வாட் வேண்டும். ஒரு 18650க்குள் இருப்பதோ சுமார் 12 வாட் மணி, அதாவது 12 வாட்டை ஒரு மணி நேரம் தரும் சக்தி. கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்கு முன்பே கையில் பிடிக்க முடியாமல் சுடும். ஆகவே ஒற்றைப் பேட்டரி போட்ட சிறு டார்ச் 10,000 லுமென் தரும் என்றால் நம்ப வேண்டாம். நடப்பதற்கு 50 முதல் 150 லுமென் தாராளம். தூரத்தில் ஏதோ அசைந்தால் பார்க்க 500 முதல் 1000 வரை சில நிமிடம் கிடைத்தால் போதும்.

எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி சோதித்த டார்ச்சின் எண்களை ஒப்பிடலாம். கான்கிரீட் மீது போட்டுப் பார்த்த உயரமும் அதில் இருக்கும். ஒரு மீட்டராவது வேண்டும். ஆனால் இரண்டு எண்களைப் புரிந்துகொண்டு படிக்க வேண்டும். ‘தூரம்’ என்பது பொருளின் மீது விழும் வெளிச்சம் (அதன் அளவு லக்ஸ்) 0.25 லக்ஸாக, அதாவது ஏறக்குறைய முழுநிலவு அளவுக்குக் குறையும் இடம். அங்கே நிற்பது மாடா மரமா என்று தெளிவாகத் தெரியாது. போட்டிருப்பதில் பாதித் தூரம்தான் பயன்படும், அங்கே வெளிச்சம் நான்கு மடங்கு. ‘எரியும் நேரம்’ என்பது ஆரம்ப வெளிச்சத்தில் 10 சதவீதமாகச் சரியும் வரையிலான கணக்கு. 1000 லுமென், 3 மணி நேரம் என்று போட்ட டார்ச், இரண்டு நிமிடத்தில் 300க்கு இறங்கி மீதி நேரத்தை அதிலேயே ஓட்டியிருக்கலாம். நேரத்துக்கு நேரம் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்ற வரைபடத்தைத் தரும் நிறுவனத்துக்கு என் நம்பிக்கையில் முதலிடம்.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். சற்று மஞ்சள் கலந்த 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருக்கட்டும். பச்சைப் புல்லில் கிடக்கும் பழுப்புப் பொருளை நீல வெள்ளை ஒளியைவிட இதில் எளிதாகப் பிரித்தறியலாம். பட்டனை அழுத்தியதும் குறைந்த வெளிச்சத்தில் தொடங்குவது நல்லது: இருளுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரே பளிச்சில் அது போய்விடும்.

சுருக்கமாகக் கேட்டால் என் தேர்வு இது: கழற்றக்கூடிய ஒரு 18650 அல்லது 21700, ஐபிஎக்ஸ்8, ஜூம் இல்லாத நிலையான தலை, ஒரு பட்டன், மூன்று நான்கு வெளிச்ச அளவுகள். வாங்கியதும், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், கயிற்றில் கட்டி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுப் பின்மூடியைத் திறங்கள். மரைக்கு உட்புறம் ஒரு துளி ஈரம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரமில்லையென்றால் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடுங்கள், ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்தால் போதும்.